அத்தையின் 48,000 ரூபாய் எந்தக் கணக்கில் வரும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "வேலையின்மை 3 சதவீதம்தான், வறுமை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது, வங்கி மோசடிகள் குறைந்துவிட்டன என்று அரசுக் கணக்கு சொல்கிறது. நான் பி.இ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக சாப்பாடு டெலிவரி வண்டி ஓட்டிக்கொண்டே டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறேன். எங்கள் தெருவில் போனில் ஏமாந்தவர்கள் மட்டும் நாலு பேர். இந்த எண்களெல்லாம் பொய்யா?"

பெரும்பாலும் பொய் இல்லை தம்பி. ஆனால் நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு அவை பதிலும் இல்லை. மாதிரிக் கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன் நான், ஆறேழு வருடம். அதனால் ஒரு சதவீதத்தைப் பேப்பரில் பார்த்தால், அதற்காக யார் யாரிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் மனசு போகும்.

உங்களிடமிருந்தே தொடங்குவோம். அரசின் கணக்கில் நீங்கள் வேலையில்லாதவர் இல்லை. இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் (பிஎல்எஃப்எஸ் என்று செய்திகளில் வருவது) இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று, கடந்த 365 நாளைப் பார்க்கும் 'வழக்கமான நிலை'. ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடி அலைந்திருந்தாலும், இடையில் 30 நாள் ஏதோ ஒரு தொழில் செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். இன்னொன்று, கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் 'நடப்பு வார நிலை'. அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் அவரும் வேலையில் இருப்பவரே. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஆண்டில் முதல் அளவுகோலில் வேலையின்மை 3.2 சதவீதம், இரண்டாவதில் 4.9. அதே மக்கள், அதே வீடுகள், அதே படிவம். தலைப்புச் செய்தியில் எதைப் போடுவது என்பது போடுகிறவரின் விருப்பம்.

நீங்கள் வண்டியை விட்டுவிட்டு, வேலைக்கு எங்கும் முயலாமல் முழு நேரமும் தேர்வுக்குப் படித்தால்? அப்போதும் வேலையில்லாதவர் ஆக மாட்டீர்கள். தொழிலாளர் கணக்கிலிருந்தே வெளியே போய்விடுவீர்கள். வேலை இல்லாமல், அதே சமயம் தேடிக்கொண்டும் இருந்தால்தான் அந்தச் சதவீதத்துக்குள் வர முடியும்.

இதனால் வரும் வேடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். அதே 2023-24-ல் கேரளத்தில் வேலையின்மை 7.2 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் ஏறக்குறைய 1. அப்படியானால் கேரளத்துப் பையன்கள் ரயிலேறி மத்தியப் பிரதேசம் போக வேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். வேலை தேடி வீட்டில் உட்கார்ந்திருக்க யாராவது சோறு போட வேண்டும். அந்த வசதி இல்லாத வீட்டில் கிடைத்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். ஆகவே ஏழை நாட்டில் குறைந்த வேலையின்மை விகிதம் என்பது பல சமயம் நல்ல செய்தி இல்லை. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் மட்டும் பார்த்தால் அதே ஆண்டில் 10.2 சதவீதம். உங்கள் வயதுக்காரர்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

பெண்களின் கணக்கு இன்னும் சுவாரசியம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் படிவத்தோடு உட்கார்ந்து, "நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன். "நான் எங்க வேலைக்குப் போறேன், வீட்டுலதான் இருக்கேன்" என்றார் அந்தம்மா. கொல்லையில் இரண்டு கறவை மாடு நின்றுகொண்டிருந்தது. பால் கறப்பது யார், சொசைட்டிக்கு ஊற்றுவது யார் என்று நாலு தடவை மாற்றி மாற்றிக் கேட்ட பிறகுதான் 'வீட்டில் இருப்பவர்' 'குடும்பத் தொழிலில் உதவுபவர்' ஆனார். சம்பளம் கிடையாது, ஆனாலும் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். நான் அவசரத்தில் இருந்திருந்தால் இல்லத்தரசி என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த எண்களைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. ஆறே வருடத்தில் இவ்வளவு பெரிய ஏற்றம். ஆனால் வேலையில் உள்ள பெண்களில் சுயதொழில் என்று எழுதப்பட்டவர்கள் 51.9-லிருந்து 67.4 சதவீதமாகியிருக்கிறார்கள். கம்பெனி வேலையும் மாதச் சம்பளமும் அந்த வேகத்தில் வளரவில்லை. வளர்ந்ததில் பெரும்பங்கு மாடு, வயல், தையல் மிஷின், குடும்பத்துக் கடை. இதில் எவ்வளவு உண்மையிலேயே புதிதாக வந்த வேலை, எவ்வளவு நாங்கள் இன்னும் ஒரு தடவை குடைந்து கேட்டதால் வெளியே வந்தது என்று பொருளியலாளர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். என் சொந்தக் கருத்து, இரண்டும் கலந்ததுதான்.

அரசு எண்களில் விளையாடியதே இல்லையா என்று கேட்பீர்கள். விளையாட்டு பெரும்பாலும் எண்ணில் நடப்பதில்லை, அதை வெளியிடும் நாளில் நடக்கும். 2017-18 அறிக்கையில் வேலையின்மை 6.1 சதவீதம் என்று வந்தது. 2011-12-ல் அது 2.2. அறிக்கை வெளிவராமல் கிடப்பதைக் கண்டித்து 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகினார்கள். விவரம் பத்திரிகையில் கசிந்தது. மக்களவைத் தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31-ம் தேதி, அதே 6.1 அதிகாரபூர்வமாக வெளியானது. ஆக, எண்ணைத் திருத்தவில்லை, காக்க வைத்தார்கள். இப்போது 2025 முதல் இந்தக் கணக்கெடுப்பு மாதாமாதம் வருகிறது. முதல் மாதமான ஏப்ரலுக்கு 5.1 சதவீதம். இது வாரக் கணக்கு என்பதால் பழைய 3.2-உடன் பக்கத்தில் வைத்து 'எகிறிவிட்டது' என்று சொல்வது தவறு. அப்படிச் சொன்னவர்களையும் பார்த்தேன்.

சரி, வறுமைக்கு வருவோம். இங்கே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இன்றைக்கென்று ஒரு வறுமைக் கோடே இல்லை. அதிகாரபூர்வமான கடைசி வறுமைக் கணக்கு 2011-12-க்கு உரியது: மக்கள்தொகையில் 21.9 சதவீதம், ஏறக்குறைய 27 கோடிப் பேர். பொருளியலாளர் சுரேஷ் டெண்டுல்கர் குழு முறைப்படி கோடு, கிராமத்தில் ஆளுக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000. ஒரு நாளைக்கு 27, 33 ரூபாய். ஊரே சிரித்தது. ரங்கராஜன் குழு 2014-ல் கோட்டை 972, 1,407 என்று உயர்த்தியது. உடனே அதே மக்கள், அதே ஆண்டு, வறுமை 29.5 சதவீதம். அந்தக் கோட்டை அரசு ஏற்கவும் இல்லை, வேறொன்றை வரையவும் இல்லை. 2017-18-ல் எடுத்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் குப்பையில் போட்டுவிட்டார்கள். கசிந்த பிரதியின்படி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் மக்களின் செலவு அதற்கு முந்தைய கணக்கைவிடக் குறைந்திருந்தது. படிவம் நிரப்பியவர்களின் கால் வலிதான் மிச்சம்.

பிறகு 2022-23 கணக்கெடுப்பு 2024 பிப்ரவரியில் வந்தது. கிராமத்தில் ஆளுக்கு மாதச் செலவு சராசரி 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. தமிழ்நாட்டில் 5,310-ம் 7,630-ம். சராசரியை விட்டுவிட்டு அடித்தட்டைப் பாருங்கள்: கிராமங்களில் மிகக் குறைவாகச் செலவு செய்யும் 5 சதவீதத்தினருக்கு 1,373 ரூபாய், நாளைக்கு 46 ரூபாய். சோறு, துணி, பஸ், மருந்து, போன் ரீசார்ஜ் எல்லாம் அதற்குள். மேல்தட்டு 5 சதவீதத்துக்கு நகரத்தில் 20,824. இந்த மேல் எண்ணை மட்டும் நான் நம்புவதில்லை. உண்மையான பணக்காரர் வீட்டு கேட்டை எந்தக் கணக்கெடுப்பாளரும் எளிதில் தாண்டியதில்லை. வாட்ச்மேனோடு அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். குடிசையில் மோர் கொடுத்து உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்.

'வறுமை ஒழிந்தது' என்ற செய்தி இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. உலக வங்கி 2025 ஜூனில் தன் கடும் வறுமைக் கோட்டை நாளைக்கு 3 டாலராக மாற்றி, இந்தியாவில் அது 2011-12-ல் 27.1 சதவீதம், 2022-23-ல் 5.3 சதவீதம் என்றது. இந்த டாலர் வங்கியில் மாற்றும் டாலர் இல்லை, விலைவாசிக்குத் தக்கபடி சரிக்கட்டிய டாலர். நம் நாட்டின் வருமானத் தரத்துக்கு உரியதென்று அதே வங்கி வைத்திருக்கும் 4.20 டாலர் கோட்டைப் போட்டால் 23.9 சதவீதம். இந்த 1.20 டாலர் வித்தியாசத்துக்குள் நிற்கிறவர்கள் இருபது கோடிக்கும் மேல். வறுமை குறைந்தது உண்மை, அதை மறுப்பவர்கள் கிராமப் பக்கம் போவதில்லை. ஆனால் கோட்டுக்குச் சற்று மேலே இவ்வளவு கூட்டம் நிற்கும்போது ஒரு ஆஸ்பத்திரிச் செலவு போதும் கீழே இறக்க.

நிதி ஆயோக் சொல்லும் 'பல பரிமாண வறுமை' வேறு வகை. அதில் வருமானமே கிடையாது. சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிவாயு, மின்சாரம் என்று 12 விஷயங்கள், மூன்றில் ஒரு பங்கு எடைக்கு இல்லாதவர் ஏழை. 2015-16-ல் 24.85 சதவீதமாக இருந்தது 2019-21-ல் 14.96 ஆனது. தமிழ்நாட்டில் 4.76-லிருந்து 2.20. அந்தப் பன்னிரண்டில் ஒன்று வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால் அந்த வகையில் நீங்கள் ஏழை இல்லை. கணக்கில் பணம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2014-ல் தொடங்கிய ஜன்தன் கணக்குகள் ஐம்பது கோடியைத் தாண்டிவிட்டன.

அந்த வங்கிக் கணக்குதான் உங்கள் தெரு விவகாரத்துக்கு வாசல். மோசடிக்காரர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. திருடிய பணத்தை உடனே நகர்த்த ஆள் பெயரில் கணக்கு வேண்டும். இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்து ஏழைகளின் பாஸ்புக்கையும் சிம்மையும் வாடகைக்கு வாங்குகிறார்கள். போலீஸ் அதை மியூல் கணக்கு என்கிறது. வறுமைக் குறியீட்டில் முன்னேற்றமாக எழுதப்பட்ட அதே கணக்கு, சைபர் வழக்கில் சாட்சிப் பொருளாகவும் வரலாம்.

இப்போது என் அத்தை. வயது 67. மின் கட்டணம் பாக்கி, இன்று இரவு ஃபியூஸ் பிடுங்கிவிடுவோம் என்று ஒரு போன். அனுப்பிய லிங்க்கைத் தொட்டார், சொன்ன எண்ணைச் சொன்னார். 48,000 ரூபாய் மூன்று தவணையாகப் போனது. வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லவில்லை. நான் போய்த்தான் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் போட்டேன். அந்த 48,000 அரசின் எந்தெந்தப் பேரேட்டில் ஏறியது என்று பின்னால் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் பேரேடு உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் புகார் தளம். 1930-ல் சொன்னதும் ஒப்புகை எண் வந்துவிட்டது, ஆகவே ஏறியது. இந்தப் பேரேட்டின்படி மக்கள் இழந்தது 2023-ல் 7,465 கோடி ரூபாய், 2024-ல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதில் ஒரு பகுதி, 1930 என்ற எண் எல்லோருக்கும் தெரிய வந்ததன் விளைவு. முன்பு அத்தையைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். மீதி உண்மையான பெருக்கம்தான்: போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட், போலி டிரேடிங் ஆப் என்று லட்சத்திலும் கோடியிலும் போகிறது. எது எவ்வளவு என்று இந்தப் பேரேட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இரண்டாவது, போலீஸ் வழக்கு. ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். எஃப்ஐஆர் போடவில்லை, "தொகை சின்னதும்மா" என்றார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் 'இந்தியாவில் குற்றங்கள்' அறிக்கை பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணும். 2023-ல் நாடு முழுக்க சைபர் குற்ற வழக்குகள் 86,420. அதே ஆண்டில் புகார் தளத்துக்கு வந்த பண இழப்புப் புகார்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பத்துக்கு ஒன்றுகூட வழக்காகவில்லை. ஆக, அத்தை இங்கே இல்லை.

மூன்றாவது, ரிசர்வ் வங்கியின் மோசடிக் கணக்கு. நீங்கள் 'குறைந்துவிட்டது' என்று படித்தது இதைத்தான். ஆண்டறிக்கையில் வரும் அந்த அட்டவணை ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள மோசடிகளை மட்டும், அதுவும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாங்களே 'மோசடி' என்று வகைப்படுத்தித் தெரிவித்தவற்றை மட்டும் சேர்க்கிறது. 48,000-க்கு அங்கே இடமில்லை. கார்டு, இணையவழி மோசடிகள் அந்த அட்டவணையில் 2023-24-ல் 29,082, அடுத்த ஆண்டு 13,516, தொகை 520 கோடி. உள்துறை சொல்லும் 22,845 கோடியை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒன்று காலண்டர் ஆண்டு, மற்றது நிதியாண்டு. அதை விட்டுத்தள்ளினாலும் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஏமாந்தவரிடம் கேட்டார், மற்றவர் வங்கியிடம் கேட்டார். வாடிக்கையாளர் தானே பின் நம்பரைப் போட்டு அனுப்பிய பணத்தைத் தன் வீட்டில் நடந்த மோசடி என்று எழுத எந்த வங்கிக்கு ஆசை வரும்?

இதே அட்டவணையில் இன்னொரு கூத்தும் உண்டு. எல்லா வகையும் சேர்த்து எண்ணிக்கை 36,060-லிருந்து 2024-25-ல் 23,953 ஆகக் குறைந்தது. தொகையோ 12,230 கோடியிலிருந்து 36,014 கோடியாக எகிறியது. ஒரு பேப்பரில் 'மோசடி குறைந்தது', இன்னொன்றில் 'மூன்று மடங்கு'. இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. விளக்கம் அறிக்கையிலேயே இருக்கிறது. கடன் வாங்கியவரின் பக்கத்தைக் கேட்காமல் அவர் கணக்கை மோசடி என்று முத்திரை குத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 27-ல் தீர்ப்பளித்தது. அதனால் பழைய ஆண்டுகளில் மோசடி என்று அறிவித்த 122 கேஸ்களை, 18,674 கோடி ரூபாய்க்கானவற்றை, நீக்கிவிட்டு முறைப்படி விசாரித்து மறுபடி அறிவித்தார்கள். அவை 2024-25-ல் புதிதாக ஏறின. கழித்தால் மிஞ்சுவது 17,340 கோடி. அந்த அட்டவணையில் ஆண்டு என்பது மோசடி நடந்த ஆண்டு இல்லை, தெரிவிக்கப்பட்ட ஆண்டு. எப்போதோ போன பணத்துக்கு இந்த வருட அமைச்சரைத் திட்டுவதும், இந்த வருட அமைச்சர் அது குறைந்ததற்கு மார்தட்டுவதும் ஒன்றுதான்.

நான்காவது, வாடிக்கையாளர் குறை தீர்க்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன். 2021 நவம்பரிலிருந்து எல்லா வங்கிக்கும் ஒரே திட்டம். 2022-23-ல் 7,03,544 புகார், 2023-24-ல் 9,34,355. அத்தைக்காக நான்தான் ஆன்லைனில் போட்டேன். சில நாளில் 'ஏற்கத்தக்கதல்ல' என்று முடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையது: முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோதான் அங்கே போக வேண்டும். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. வந்த புகார் என்ற எண்ணில் அத்தை இருக்கிறார், தீர்த்துவைத்த குறையில் இல்லை. வந்த எண்ணை மட்டும் பார்த்து வங்கிச் சேவை சீரழிந்துவிட்டது என்பவர்கள், அதில் இப்படி வாசலோடு திரும்பியவை எத்தனை என்றும் பார்க்க வேண்டும்.

எந்தப் பேரேட்டிலும் சரியாக விழாத இன்னொரு பெரும் தொகையும் நம் பக்கம் உண்டு. மாதம் 10 சதவீதம் வட்டி, தங்கச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் கம்பெனிகள். இவற்றுக்காகவே தமிழ்நாட்டில் 1997-ல் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. அவை வங்கி இல்லை என்பதால் ரிசர்வ் வங்கியின் மோசடி அட்டவணையில் வராது. ஆள் நேரில் வந்து வாங்கிப் போன பணம் என்பதால் சைபர் தளத்திலும் பொதுவாக வராது. உங்கள் தெருவில் போனில் ஏமாந்தவர்கள் நாலு பேர் என்றீர்கள். சீட்டில் ஏமாந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

அத்தை விஷயம் என்னவாயிற்று என்றால், 1930-ல் சொன்ன நேரத்துக்குள் 37,000 பல கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. 11,000 மட்டும் ஒரு கணக்கில் சிக்கியது, அதை முடக்கினார்கள். மேஜிஸ்ட்ரேட் உத்தரவு வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள், அதற்காக ஐந்து மாதமாக நடக்கிறோம். இந்த முறையில் 5,489 கோடி ரூபாய் காப்பாற்றப்பட்டதாக அரசு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னது. முடக்கியதுமே தொகை காப்பாற்றிய கணக்கில் ஏறிவிடும், கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. அந்தப் பேரேட்டில் அத்தையின் 11,000 ஐந்து மாதத்துக்கு முன்பே பத்திரமாகிவிட்டது. நேற்றுகூட கோர்ட்டில் வாய்தா போட்டார்கள்.